பாதித் தோணி

கடல் வணிக வரலாற்றை எழுதியவர்கள் கப்பலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தக் கப்பலின் பின்னால் கயிற்றில் கட்டுண்டு வந்த, அல்லது அதன் தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த சின்னத் தோணியைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. பள்ளிக்கூடத்தில் நாங்களும் அப்படித்தான் படிப்பிக்கிறோம். ஊர்காவற்றுறைக்கு மரக்கலங்கள் வந்தன, குதிரைகள் இறங்கின, யானைகள் ஏறின என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் தீவுப்பகுதியில் வாழ்பவனுக்குத் தெரியும், கப்பல் வந்து நிற்பது ஓரிடம், மனிதன் கால் வைப்பது வேறோரிடம். இரண்டுக்கும் நடுவிலுள்ள தண்ணீரைக் கடக்க இன்னொரு கலம் வேண்டும். அந்த இன்னொரு கலத்தைத் தெரிவு செய்வதும், பெரிய கலத்தில் அதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதும் அற்ப காரியங்கள்போலத் தோன்றும். கடலோடிகளின் உயிர் பல தடவைகள் அந்தத் தீர்மானத்தில்தான் தொங்கியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இச்சிறு தோணிக்கு 'டிங்கி' என்று பெயர். வங்காளத்திலும் ஹிந்தியிலும் ஆற்றுத் தோணியைக் குறித்த சொல் அது. வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து கட்டுமரத்தை எடுத்துக்கொண்டதுபோல, வடக்கே போய் டிங்கியையும் எடுத்துக்கொண்டான். நம்மிடையே இதற்கு ஒரே பெயர் இல்லை. வள்ளம், வத்தை, தோணி என்று அளவுக்கும் வேலைக்கும் ஏற்ப ஊருக்கு ஊர் பெயர் மாறும். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவைக்குப் 'பாதை' என்றே பெயர். தண்ணீரின் மேல் மிதப்பதைப் பாதை என்று அழைத்தவர்களின் மனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நமது கடல் ஆழமற்றது. நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, வேலணை, காரைநகர் ஆகியவற்றைச் சூழ்ந்த நீரில் பல இடங்களில் கோல் ஊன்றித் தோணி விடலாம். மணல் திட்டுகளும் முருகைக்கல் பாறைகளும் நிறைந்த இந்தக் கடலில் பாரமேறிய கப்பல் கரைக்கு வரமுடியாது. யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போகவேண்டிய சரக்கைக்கூடப் பெரிய கலங்கள் ஊர்காவற்றுறையில் இறக்கிவிடும். அங்கிருந்து தோணிகள் பரவைக்கடல் வழியாக எடுத்துச் செல்லும். ஆகவே நமது துறைமுக வரலாறு பாதிக்கு மேல் சிறு தோணிகளின் வரலாறு. எழுதப்படாத பாதி அதுதான்.

எழுதப்பட்ட பாதிக்கு மிகச் சிறந்த சான்று நயினாதீவில் இருக்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. அவன் ஆண்டது 1153 முதல் 1186 வரை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் இதனை வாசித்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அது சொல்கிறது. பிறகு கப்பல் சேதத்தைப் பற்றிப் பேசுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவந்த கலம் உடைந்தால் சரி பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

இதைப் படிக்கும்போது நமது வாசகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது குதிரை வியாபாரம் யார் கையில் இருந்தது என்பதாகவே இருக்கும். அறபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகளைக் கொண்டுவந்த முஸ்லிம் வணிகரின் பங்கை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு வேறொரு விடயம் உறுத்துகிறது. நமக்குக் கிடைத்துள்ள வரிகளில் உடைந்த கப்பலின் சரக்குக்குப் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது. உடைந்த கப்பலின் ஆட்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. சட்டம் சரக்கோடு நின்றுவிட்டது. ஆட்களைக் கரைசேர்ப்பது சட்டத்தின் வேலையாக இருக்கவில்லை. அது சின்னத் தோணியின் வேலையாக இருந்தது.

இரு நூற்றாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தின் பின்னர் இதே கடலில் அகப்பட்டவர் இப்னு பதூதா. 1344 இல் புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவருடைய உதவியோடு பாவா ஆதம் மலைக்குப் போய் வந்து, மஅபர் எனப்பட்ட தமிழகக் கரைக்குக் கப்பலேறினார். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கப்பல் ஆழமற்ற இடத்தில் சிக்கியது. பாய்மரத்தை வெட்டி எறிந்தார்கள். மாலுமிகள் கையில் கிடைத்த மரத்தைச் சேர்த்து மிதவை கட்டினார்கள். தம்முடன் வந்த பெண்களையும் தோழர்களையும் மிதவையில் அனுப்பிவிட்டு, அவர் இரவு முழுவதும் கப்பலின் பின்பகுதியில் ஒண்டிக்கொண்டிருந்தார். விடிந்த பிறகு கரையிலிருந்த ஊர்மக்கள் தோணியில் வந்து இறக்கிக்கொண்டு போனார்கள். அவர் மதுரை சுல்தானின் உறவினர் என்பது அப்போது அந்த மக்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இதில் கவனிக்கவேண்டியது, கப்பல் சிக்கிய பிறகுதான் மிதவை கட்டினார்கள் என்பது. அதே இப்னு பதூதா கள்ளிக்கோட்டையில் சீனக் கப்பல்களைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பெரிய கப்பலுடனும் மூன்று சிறிய கலங்கள் கூடவே வரும், அவற்றுக்குப் 'பாதி', 'மூன்றிலொன்று', 'கால்' என்று பெயர் என்கிறார். அவருக்கு அரை நூற்றாண்டு முன்னர் வந்த மார்க்கோ போலோ, பெரிய கப்பல்களின் விலாவில் பத்துச் சிறு தோணிகள்வரை தொங்கவிடப்பட்டிருந்ததாகவும், நங்கூரம் போடவும் மீன் பிடிக்கவும் அவை உதவியதாகவும் குறிப்பிடுகிறார். தோணியை முன்கூட்டியே தெரிந்தெடுத்து, இடம் ஒதுக்கி, கட்டி வைப்பது ஒரு நாகரிகம். முட்டிய பிறகு பலகை தேடுவது இன்னொன்று. இரண்டும் ஒரே கடலில் ஒரே காலத்தில் இருந்தன.

சீனச் சிறு தோணி ஒன்று நமது சமூகத்துக்கே பெயர் கொடுத்திருக்கிறது என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் போகமுடியாது. 'சம்பான்' என்ற சொல்லுக்குச் சீனத்தில் மூன்று பலகை என்று பொருள் கூறுவர். தென்கிழக்காசியத் துறைகளில் அடிபட்டுத் தமிழுக்கு வந்து 'சம்மான்' ஆகியது. தமிழகக் கரையிலிருந்து இலங்கைக்கு வந்த முஸ்லிம் வணிகர் 'சம்மான்காரர்' ஆனார்கள். கொழும்புப் புறக்கோட்டையில் 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை இன்றும் மக்கள் சம்மாங்கோட்டுப் பள்ளி என்றுதான் சொல்கிறார்கள். அம்பாந்தோட்டை என்ற பெயரிலும் அதே சம்மான் ஒளிந்திருக்கிறது என்பது பலர் ஏற்றுக்கொண்ட விளக்கம். மரக்கலத்தால் மரைக்காயர், சம்மானால் சம்மான்காரர். பெரியதும் சிறியதுமாக இரண்டு கலங்களும் நம் பெயர்களில் இருக்கின்றன.

இனி ஓர் அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தவருக்கு அது புதிய ஊர் அல்ல. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 89 அடி நீளமான 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்தினார்கள். 1937 இல் புறப்பட்டு, ஏடன், சுயெஸ் வழியாக மத்தியதரைக் கடலைக் கடந்து, அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்டில் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தில் நங்கூரமிட்டார்கள். இந்தக் கதையைப் பெருமையோடு சொல்லாத யாழ்ப்பாணத்துக் கடலோடி இல்லை. சொல்லவேண்டிய கதையும்தான்.

ஆனால் அதே குளொஸ்ரரில் 43 வருடங்களுக்கு முன்னர் நடந்த ஒரு சின்னச் சம்பவம் எனது விடயத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1895 இல் ஜோசுவா ஸ்லோக்கம் என்ற வயதான கப்பல் தலைவர் தன்னந்தனியே உலகைச் சுற்றப் புறப்பட்டிருந்தார். அவருடைய 'ஸ்பிறே' ஏறக்குறைய 37 அடி நீளமான பாய்ப்படகு. அதற்கொரு சிறு தோணி வேண்டும். குளொஸ்ரர் மீனவர்கள் 'டோரி' என்ற தட்டையடித் தோணியைப் பாவித்தார்கள். முழு டோரியைத் தட்டில் வைக்க இடம் போதாது. இடம் இருந்தாலும் ஒற்றை ஆளாகத் தூக்கி இறக்க முடியாது. ஸ்லோக்கம் கைவிடப்பட்ட டோரி ஒன்றைப் பிடித்துக் குறுக்காக இரண்டாக அரிந்தார். வெட்டிய வாய்க்குப் பலகை அடித்து மூடினார். அந்தப் பாதித் தோணியின் மூக்கில் ஒரு கயிற்று வளையம். பாயை உயர்த்தும் அதே கயிற்றை அதில் கொளுவித் தூக்கினால் தோணி தட்டுக்கு வந்துவிடும். தட்டில் கிடக்கும்போது அது உடுப்புத் தோய்க்கும் தொட்டி, குளிக்கும் தொட்டியும் அதுதான்.

தெரிவு செய்வது பற்றிப் பெரிய நூல்கள் சொல்லும் எல்லாம் இந்த ஒரு காரியத்தில் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். எவ்வளவு பெரிய தோணி வேண்டும் என்று அவர் தொடங்கவில்லை. எவ்வளவு இடம் இருக்கிறது, எத்தனை கைகள் இருக்கின்றன என்று தொடங்கினார்.

ஆனால் பாதித் தோணி பாதித் தோணிதான். அதே வருடம் டிசம்பரில் ஸ்பிறே உருகுவே நாட்டுக் கரையில் மணலில் ஏறிவிட்டது. கப்பலை இழுத்து எடுக்க நங்கூரத்தைக் கடலுக்குள் கொண்டுபோய்ப் போடவேண்டும். பாரமான நங்கூரத்தையும் வடத்தையும் பாதித் தோணி தாங்கவில்லை. ஒழுகியது, தாழ்ந்தது. நங்கூரத்தைத் தூக்கிப் போட்ட மறுகணம் தோணி கவிழ்ந்தது. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதக்கும்போதுதான் தமக்கு நீந்தத் தெரியாது என்பது மனிதருக்கு நினைவு வந்ததாம். பல முறை முயன்று நிமிர்த்திக் கரைசேர்ந்தார். பிறகு நடந்தது நயினாதீவுக் கல்வெட்டுக்கு ஒரு வேடிக்கையான பின்னுரை. குதிரையில் வந்த உள்ளூர்ப் பையன் ஒருவன், கரையேறிய கலம் தனக்கே என்று நினைத்து, சுருக்குக் கயிற்றை ஸ்பிறேயில் மாட்டி இழுத்துப் பார்த்தான். அது அசையவில்லை. சின்னத் தோணி அசைந்தது. அதை மணல்மேட்டுக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் புல்லால் மூடி ஒளித்துவைத்தான். பராக்கிரமபாகுவாவது பாதியோ காலோ கேட்டான். இவன் முழுவதையும் எடுத்துக்கொண்டான்.

1897 இல் ஸ்லோக்கம் இந்து சமுத்திரத்தில் மலாய் முஸ்லிம்கள் வாழ்ந்த கொக்கோஸ் தீவுகளை அடைந்தார். அங்கே சிப்பி எடுப்பதற்காக வேறொருவருடைய ஆட்டங்கண்ட தோணியில் ஏறினார். துடுப்பு இல்லை, கந்தல் பாய் ஒன்று, நங்கூரத்துக்குப் போதிய கயிறும் இல்லை. காற்று அவர்களை வெளிக்கடலுக்குத் தள்ளியது. காற்றுப் போகும் திசையில் அடுத்த கரை மூவாயிரம் மைலுக்கு அப்பால், ஆபிரிக்கா. தோணிக்குள் கிடந்த ஒரு கோலைத் துடுப்பாக வலித்து, காற்று ஒரு கணம் திரும்பியதால் ஆழமற்ற நீரை எட்டி, கோல் ஊன்றித் தப்பினார்கள். உலகைத் தனியே சுற்றியவர், தமது பயணத்தின் ஆபத்து மிக்க தருணங்களில் ஒன்றாக இந்தச் சிறு தோணிச் சவாரியையே கருதினார். நெடுந்தீவில் யாரிடமும் இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. சோளகக் காலத்தில் துடுப்பில்லாத தோணி எங்கே போகும் என்பது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும்.

சிறு தோணியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, முப்பதடி அளவான பாய்ப்படகு ஒன்றில் மூன்று விடைகள்தான் உண்டு. பின்னால் கட்டி இழுக்கலாம். கடைசிப்புறத்தில் இரும்புக் கைகளில் தொங்கவிடலாம். தட்டில் கவிழ்த்துக் கட்டலாம். இழுப்பது சோம்பேறியின் விடை, ஆனால் குறுகிய தூரத்துக்கு எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். வேகம் குறையும் என்பது சின்னக் குறை. பின்காற்றில் அலை ஓடும்போதுதான் வினை. எங்கள் ஊரில் பாய் விரித்துத் தோணி ஓட்டிய பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னது இது: "மாஸ்ரர், பெரிசுக்குப் பின்னால சின்னனைக் கட்டிறது மாடு கட்டிற மாதிரி இல்லை, கண்டு கட்டிற மாதிரி. தாயைக் கண்டா ஓடி வரும், வந்து முட்டும்." அலைச் சரிவில் இறங்கும் சிறு தோணி உண்மையிலேயே ஓடி வந்து பெரியதன் பின்பக்கத்தை இடிக்கும். கயிற்றை நீட்டி, இரண்டு கலங்களும் ஒரே நேரத்தில் அலையில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும்படி செய்யவேண்டும். ஒற்றைக் கயிற்றை நம்பாமல் இரண்டு கட்டவேண்டும். துறைக்குள் நுழையும்போது, கயிறு இயந்திரத்தின் விசிறியில் சுற்றாமலிருக்க அதைச் சுருக்கிவிடவேண்டும். மழையிலோ அலையிலோ தண்ணீர் நிறைந்த தோணி கல்லுக்குச் சமம், கயிறு அறுந்தால்தான் விடும். காலநிலை கெடும் என்று தோன்றினால், கெடுவதற்கு முன்னரே தட்டில் ஏற்றிவிடவேண்டும். கெட்ட பிறகு ஏற்றமுடியாது.

தொங்கவிடுவது பார்வைக்கு அழகு. சிறிய படகுக்கு அது பின்பாரம். பின்னாலிருந்து வரும் அலை தோணியை நிரப்பினால் இரும்புக் கையும் சேர்ந்து போகும். எனது மனம் மூன்றாவது விடையோடுதான். பாய்மரத்துக்கு முன்னாலோ அறைக் கூரையின் மேலோ கவிழ்த்துக் கட்டிய தோணியில் தண்ணீர் தேங்காது, காற்றும் பிடிக்காது. ஆனால் பாயின் கீழ்த்தண்டு அதன்மேல் தட்டாமல் திரும்பவேண்டும், சுக்கான் பிடிப்பவனுக்கு முன்புறம் தெரியவேண்டும், உள்ளேயிருந்து வெளியேறும் வாசல் மறையக்கூடாது. இந்த மூன்றையும் கணக்குப் பார்த்தால் எட்டடிக்கு மேற்பட்ட தோணிக்குப் பெரும்பாலும் இடம் கிடையாது. அதனால்தான் இப்போது இரண்டு துண்டாகக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றை அடுக்கும் தோணிகளைச் செய்கிறார்கள். ஸ்லோக்கம் எறிந்துவிட்ட மறுபாதியைத் திரும்பக் கொண்டுவந்து பூட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

காற்றடித்து ஊதும் ரப்பர்த் தோணிகள் வந்த பிறகு இந்தக் கணக்கே தேவையில்லை என்பாரும் உண்டு. சுருட்டிப் பையில் வைக்கலாம், இலேசில் கவிழாது, பாரம் தாங்கும். எல்லாம் சரி. எதிர்காற்றில் அதைத் துடுப்பால் வலிப்பது பெரும் பாடு. நெடுந்தீவுக் கரையில் ஏற்றினால் முருகைக்கல் என்ன செய்யும் என்பதையும் யோசிக்கவேண்டும். அந்தக் கல்லைத்தான் அங்கே வீட்டு மதிலுக்கு அடுக்கியிருக்கிறார்கள்.

1972 ஜூனில் றொபேர்ட்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரரின் 43 அடிப் பாய்க்கப்பல் 'லூசெற்', கலபாகஸ் தீவுகளுக்கு அப்பால் கொலைத் திமிங்கிலங்கள் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. ஆறு பேர். அவர்களிடம் ஊதும் மிதவையும் இருந்தது, பத்தடிக்குக் குறைவான கண்ணாடியிழைத் தோணியும் இருந்தது. ஊதும் மிதவை இரண்டரை வாரமளவில் ஓட்டை விழுந்து கைவிடப்பட்டது. மிச்ச நாட்களை ஆறு பேரும் அந்தத் தோணியிலேயே கழித்தார்கள். மழைநீரும் ஆமையும் மீனும் உண்டு, 38 ஆவது நாளில் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்றினால் மீட்கப்பட்டார்கள். கரைக்குப் போய்வர வைத்திருந்த தோணி, வீடாகவும் தண்ணீர்த் தொட்டியாகவும் ஆகியது. அதை நான் வகுப்பறைத் தரையில் வெண்கட்டியால் அளவுக்கு வரைந்து, ஆறு மாணவரை உள்ளே இருத்திப் பார்த்தேன். ஒரு பாடவேளைகூட அவர்களால் சண்டையில்லாமல் இருக்கமுடியவில்லை. கட்டுக் கயிறு வெட்டக்கூடியதாக இருக்கவேண்டும், கத்தி பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்ற விதியைச் சொல்வதற்கு அதைவிட நல்ல தருணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பெரிய கலமொன்று இருந்தவர்களின் கதை. நமது கடலின் அண்மைய வரலாற்றில் தாய்க்கப்பலே இல்லாமல் சிறு தோணிகள் மட்டும் ஓடின. 1990 ஒக்ரோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் மக்கள் எருக்கலம்பிட்டிக் கரையில் கூடினார்கள். கைக்குழந்தைகளோடும் முதியவர்களோடும் கடலுக்குள் நடந்து, மீன்பிடி வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். மீனுக்கும் வலைக்கும் நான்கைந்து ஆட்களுக்கும் என்று அளந்து செய்த வள்ளங்கள் அவை. போர்க்காலத்திலும், பின்னர் 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போதும், பாக்கு நீரிணையைக் கடந்த அகதிகளைப் படகோட்டிகள் இராமேஸ்வரத்துக்கு இப்பாலுள்ள மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிய சம்பவங்கள் பல. அதற்குமேல் கரைவரை போகப் படகுக்கு அச்சம். திட்டில் நின்ற குடும்பங்கள், இந்தியக் கரையோரக் காவற்படையினரோ மீனவரோ வரும்வரை, பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் காத்திருந்தன. பல தடவைகள் முதலில் கண்டவர்கள் மீனவர்கள்தான்.